ஐந்தாவது போத்தல்

கடைக்காரர் இருந்தார். அவருடைய மனைவி இருந்தார். கோல்டிங்கில் இருந்து உணவகக்காரர் ஒருவர் வந்திருந்தார். போத்தல்களைக் கொண்டுவந்த மெக்சிக்கோக்காரர் இருந்தார். பெட்டி தூக்க நான். டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் ஒரு வைன் கடையின் நிலக்கீழ் அறை, மத்தியான நேரம்.

மெஸ்கால் என்பது ஆனைக்கற்றாழையின் அடியைக் குழியில் சுட்டு வடிக்கிற சாராயம். ஐந்து வீடுகளில் காய்ச்சியதை, வீட்டுக்கு ஒரு பெட்டியாக, மெக்சிக்கோக்காரர் கொண்டுவந்திருந்தார். ஒல்லியான மனிதர். இந்தக் குளிருக்குப் போதாத ஜாக்கெட். ஒவ்வொரு தடவையும் ஊற்றிவிட்டுப் போத்தலின் வாயை உள்ளங்கையால் துடைப்பார். இது தகப்பனும் மகனும் காய்ச்சினது, இது இரண்டு சகோதரிகள் காய்ச்சினது என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார். ஐந்தாவதுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்காரர் அதைக் குடித்து இருமினார்.

"இதை வித்தா பயர் பிரிகேட்தான் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். மெக்சிக்கோக்காரரும் சிரித்தார். மற்ற நான்கையும் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

மற்றவர்கள் மேலே போன பிறகு, எனக்குத் தெரிந்த டேனிஷில் மெக்சிக்கோக்காரரிடம் கேட்டேன்.

"இது ஆர் காய்ச்சினது?"

"என்ர அம்மா."

"சொல்லியிருக்கலாமே. வாங்கியிருப்பார்."

"ஓம், பாவம் பாத்து வாங்கியிருப்பார். பிடிச்சு வாங்கவேணும்."

"அம்மாவுக்கு என்ன சொல்லுவியள்?"

அவர் அந்தப் போத்தலை எடுத்தார். என்னைப் பார்த்து, "நீ குடிச்சுப் பாக்கிறியோ?" என்று கேட்டார்.

நான் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவன், குடிக்கிறதில்லை. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அவர் செய்தது சரியோ பிழையோ, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஐந்தாவது போத்தல் இருந்த பெட்டியைத் தூக்கி அவருடைய வான் வண்டியில் வைத்தேன். பன்னிரண்டில் திறக்காத போத்தல்கள் பதினொன்று.