வேதவல்லியின் நான்காம் அத்தியாயம்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் நிறுவனத்தின் பேகம்பேட் அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் தொழிற்சாலையில் பணியாளர்களைக் கவனிக்கும் பர்சனல் பிரிவின் எழுத்தர். "மேடம், ஸ்டோர்ஸ் வேதவல்லி நேத்து தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். நாளைக்கு கேன்டீன்ல இரங்கல் கூட்டம். நீங்க அவங்க ஃப்ரெண்டாமே, நல்லதா நாலு விஷயம் சொல்லணும்." போய்ச் சொன்னேன். மேடையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே சொல்லாமல் விட்டதை நம் தமிழ்ச் சங்க மலரில் எழுதுகிறேன். யாருக்காவது கசந்தால் நான் பொறுப்பில்லை.

வேதா மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா அரக்கோணத்திலிருந்து பணிமனை வேலைக்கு வந்தவர். தொழிற்சாலையில் அவள் ஸ்டோர்ஸிலும் நான் கணக்குப் பிரிவிலும் உதவியாளர்கள். எழுபதுகளின் கடைசியில் இருவரும் மாலை வகுப்பில் எம்.பி.ஏ. சேர்ந்தோம். பட்டம் இருந்தால் அதிகாரிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் கடைசிவரை உதவியாளர்தான். பட்டத்துக்கு ஆய்வேடு வேண்டும். எங்களைப் போல் வேலையில் இருப்பவர்கள் சொந்த நிறுவனத்தைப் பற்றித்தான் எழுதுவோம். நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழகம் ஏட்டை வாங்காது. அந்த ஏற்பாட்டில் உண்மைக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நான் கேன்டீன் உணவையும் தொழிலாளர் மனநிறைவையும் பற்றி எழுதினேன். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. வழிகாட்டிப் பேராசிரியர் மிகவும் பாராட்டினார். வேதா எடுத்துக்கொண்டது வேறு. கம்பி சுற்றும் பிரிவில் வேலை செய்த பெண்கள் ஏன் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள் என்பது அவள் கேள்வி. நிர்வாகத்திடம் அதற்கு ஏற்கெனவே பதில் இருந்தது. சினிமா, கல்யாணம், பொறுப்பின்மை.

வழக்கப்படி அவள் வினாத்தாள்களை ஃபோர்மேன் மூலம் கொடுத்தனுப்பினாள். மறுநாளே எல்லாம் திரும்பி வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே பச்சை மை, ஒரே இடத்தில் டிக். "முழு திருப்தி." அந்த நல்ல மனிதர் விளக்கமும் சொன்னார்: "அவங்களுக்கு எதுக்கு தொந்தரவு மேடம், உங்களுக்கும் லேட் ஆகுமேன்னு நானே போட்டுட்டேன்." வகுப்பில் பாதிப் பேருடைய ஆய்வேடு அப்படித்தான் தயாரானது. வேதா சிரித்துவிட்டு அத்தனையையும் கிழித்துப் போட்டாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்களின் வீடுகளுக்கே போக ஆரம்பித்தாள். சில நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். விஷயம் அங்கே கூடத்திலேயே தவழ்ந்துகொண்டிருந்தது. ஷிப்ட் காலை ஏழு மணிக்கு. தொழிற்சாலைக் குழந்தைகள் காப்பகம் திறப்பது ஒன்பதுக்கு. ஏனென்றால் காப்பக ஆயாக்கள் நிர்வாக அலுவலகத்தின் கீழ் வந்தார்கள், அலுவலகத்துக்கு ஒன்பது மணிதான் நேரம். நடுவில் இருந்த இரண்டு மணி நேரம் பிள்ளையை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஆள் இல்லாத நாளில் அவர்கள் விடுப்பு எடுத்தார்கள். அவளுடைய நான்காம் அத்தியாயம் முழுக்க அதுதான்.

ஒப்புதல் கடிதத்துக்காகப் பர்சனல் மேனேஜரிடம் போனபோது நானும் கூட இருந்தேன். அவரும் தமிழர். அதனால் அன்பாகவே ஆரம்பித்தார். "நாமெல்லாம் மெட்ராஸ்லேர்ந்து பொழைக்க வந்தவங்கம்மா. சோறு போடற இடத்தைப் பத்தி இப்படி எழுதலாமா?"

"நான் மெட்ராஸைப் பார்த்ததே ரெண்டு தடவைதான் சார்" என்றாள் வேதா.

"அந்தச் சாப்டரை மட்டும் எடுத்துடு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"கைக்கு சார்?" என்றாள் வேதா. ஏன் என்பதற்கு எங்கள் ஊர் உருதுச் சொல். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவருக்கு மட்டும் அது திமிராகக் கேட்டது.

பேராசிரியரும் எடுத்துவிடச் சொன்னார். நானும் கெஞ்சினேன். "பட்டத்தை வாங்கிக்கோ, அப்புறம் அதிகாரியா உட்கார்ந்து மாத்து" என்றேன். "அவங்க வீட்ல உட்கார்ந்து டீ குடிச்சிருக்கேன் ஜெயா. இப்ப சினிமாவுக்குப் போனாங்கன்னு எழுதச் சொல்றியா?" என்றாள். கடிதம் வரவில்லை. கெடு முடிந்தது. ஆய்வேடு போகவில்லை. எனக்குப் பட்டமும் கொஞ்ச நாளில் அதிகாரி நாற்காலியும் கிடைத்தன.

அடுத்த ஆண்டே காப்பகம் காலை ஆறரைக்குத் திறந்தது. விடுப்பு குறைந்தது. அந்த அரிய யோசனைக்காகப் பர்சனல் மேனேஜர் டெல்லிக்குப் போய்க் கேடயம் வாங்கி வந்தார். நான் வயிறெரிந்து அவளிடம் ஓடினேன். "கதவு திறந்தாச்சில்ல? விடு" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். பத்து வருஷம் கழித்து இரங்கல் கூட்டத்துக்கு, ஓய்வு பெற்ற அந்த மனிதர் மாலையோடு வந்து மேடையில் உட்கார்ந்தார். "கொடுத்த வேலையைத் தவிர எதிலும் தலையிடாத பெண்மணி" என்று புகழ்ந்தார். கேன்டீன் முழுக்கத் தலையாட்டியது.

கூட்டம் முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் சேரவிருக்கும் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தமிழ் புரியும், பேச்சு பாதி ஆங்கிலம். "நீங்க மம்மி மாதிரி இல்ல ஆன்ட்டி, எம்.பி.ஏ. எல்லாம் படிச்சிருக்கீங்க. மம்மிக்கு ஸ்டடீஸ்ல இன்ட்ரஸ்டே இல்லையாம். அவங்களே சொல்லியிருக்காங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தியே சொன்னேன். அந்தப் பெண் கேட்டுவிட்டு, "அப்புறம் ஏன் எங்ககிட்ட அப்படிச் சொன்னாங்க?" என்றாள். இத்தனை வருஷத்தில் வேதா ஒரு நாள்கூட யார் மீதும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவள் பட்டிருக்க வேண்டிய கோபம் முழுவதும் என்னிடம் இருக்கிறது. அவளுடையதாக என்னிடம் வேறொன்றும் இல்லை.