முதுகால் பாட்டுக் கேட்பவள்

"எருமை மரத்துல முதுகு சொறியுற மாதிரி இருக்கா?" என்று சித்தி கேட்டாள். கார் ஆடியோ கடையின் சுவரில் பதித்திருந்த ஸ்பீக்கர்களில் ஒன்றின் மேல் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"கொஞ்சம்" என்றேன்.

"என்ன?"

அவள் ஒரு கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்ததும், "கொஞ்சம் அப்படித்தான் இருக்கு" என்றேன்.

"பரவால்ல. எருமைக்கு யாரும் டிரைவிங் லைசன்ஸ் குடுக்குறதில்ல. அந்த வகையில நான் ஒரு படி மேல." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "தம்பி, இது இடுப்போட நின்னுடுது. மேல ஏறல. அடுத்ததைப் போடுங்க."

கடைக்காரர் பொறுமையான மனிதர். அடுத்ததைப் போட்டுவிட்டு, "அக்கா, இந்தப் பக்கம் திரும்பிக் காதைக் குடுத்துக் கேளுங்க. எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க" என்றார்.

"காது லீவுல இருக்கு தம்பி. திரும்பி வர்ற மாதிரி தெரியல. இப்போதைக்கு முதுகுதான் பொறுப்பு பாக்குது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சித்தி நடந்ததைத்தான் சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. தன்னைப் பற்றிய உண்மைகளை அவள் இப்படித்தான் வெளியே விடுவாள். எதிரில் இருப்பவர் சிரித்து முடித்து, அது உண்மையோ என்று யோசிப்பதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள்.

சித்தி வாடகைக் கார் ஓட்டுகிறாள். சொந்தக் கார், சொந்த நேரம், பழகின வாடிக்கையாளர்கள். சில ஆண்டுகளாக அவளுக்குக் காது மங்கிக்கொண்டே வருகிறது. முதலில் போனவை மெல்லிய ஒலிகள்: அழைப்பு மணி, போன் சிணுங்கல், என் குரல். அப்புறம் பாட்டிலிருந்து பாடுகிறவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். இப்போது மிஞ்சியிருப்பது அடியில் கிடக்கிற கனத்த ஒலிதான். அதையும் காதால் கேட்பதைவிட உடம்பால் உணர்வதே அதிகம். சவாரியின்போது காது மிஷின் போட்டுக்கொள்வாள். உள்கண்ணாடியைப் பின்சீட்டுக்காரர்களின் வாய் தெரிகிற மாதிரி கொஞ்சம் இறக்கி வைத்திருப்பாள். தங்கள் பத்திரத்தைத்தான் அடிக்கடி பார்த்துக்கொள்கிறாள் என்று அவர்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் வழியில்தான் பாட்டு. அப்போது மிஷினைக் கழற்றி, டாஷ்போர்டு டப்பாவில் ஃபியூஸுக்கும் மிட்டாய்க்கும் நடுவில் போட்டுவிடுவாள். "அதுல பேச்சு புரியுது. பாட்டுப் போட்டா தகர டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்கு" என்பாள். பாட்டை விட்டுவிட அவளுக்கு மனம் இல்லை. கார் ஸ்பீக்கரோடு, கனத்த ஒலிக்கென்றே இருக்கிற சப்வூஃபர் ஒன்றும், அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரும் சேர்த்தால், காது போனாலும் பாட்டு போகாது என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

கடைக்குத் துணையாக என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அவள் சொன்ன காரணம்: "நீ பேசுறது நல்ல காது உள்ளவங்களுக்கே கேக்காது. உன்கூட வந்தா எனக்குக் குறை தெரியாது." எனக்கு அவள் வைத்திருக்கிற பெயர் 'ரகசியம்'. மணி என்ன என்று கேட்டால்கூட நான் ரகசியம் மாதிரித்தான் சொல்கிறேனாம். இரண்டாவது காரணம், நான் இரண்டு மொழிகளில் படித்தவள், அட்டைப்பெட்டியில் இருப்பதைப் படித்துச் சொல்வேன் என்பது. படித்தேன். இரண்டிலுமே எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஓர் எண், ஓரத்தில் எறும்பு எழுத்தில் அதில் கால்வாசிகூட இல்லாத இன்னோர் எண். இரண்டுமே வாட்ஸ். நான் கம்பீரமாகப் பெரியதை வாசித்தேன்.

"அது விளம்பரத்துக்கு" என்றார் கடைக்காரர். "பொடி எழுத்துல இருக்கிறதுதான் அது நாள் முழுக்க தாங்குறது. ஆம்பும் அதே அளவுக்குப் பாக்கணும். சின்ன ஆம்பை வாங்கி முழுசா முறுக்கினா அது கத்தும், சப்வூஃபரையும் சேத்துக் கெடுக்கும்."

"பெரிய எண்ணு நான் வெளியில பேசுறது. பொடி எண்ணு நான் வீட்ல செய்யுற வேலை" என்று சித்தி எனக்கு விளக்கினாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அடுத்து, மின்தடையை அளக்கிற ஓம் என்று ஒன்று வந்தது. ஓம் குறையக் குறைய ஆம்பிலிருந்து மின்சாரம் அதிகமாக உறிஞ்சும், தாங்காத ஆம்பாக இருந்தால் சூடேறிவிடும் என்றார். "தெரியும். எங்க வீட்டுக்காரர்கிட்ட குறைச்சுப் பேசினா அவரும் அப்படித்தான்" என்றாள் சித்தி.

அவள் வரும்போதே ஒரு பெரிய காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். "ஊருக்கா, அக்கா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "இது அளவுகோல் தம்பி" என்றாள். டிக்கியில், வாடிக்கையாளர்களின் சாமானுக்காக, அந்தப் பெட்டி நுழைந்தது போகத்தான் ஸ்பீக்கருக்கு இடம். பன்னிரண்டு அங்குல சப்வூஃபரை வைத்துப் பார்த்தார்கள். பெட்டி வெளியே நின்றது. பத்து அங்குலத்துக்கும் பெட்டி வெளியேதான் நின்றது. "அப்புறம் அது டிக்கியில இருந்து அதிர்ந்தா யாரு முதுகுக்குப் போகும்? பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு. எனக்கு வேணும் தம்பி!" கடைசியில் டிரைவர் சீட்டுக்கு அடியில் படுக்கிற மாதிரி தட்டையான எட்டு அங்குலம், பக்கத்துச் சீட்டுக்கு அடியில் அதன் ஆம்ப் என்று முடிவாயிற்று. சுவரில் இருந்த அதே வகையில் சாய்ந்து பார்த்துவிட்டு, "கழுத்து வரைக்கும் வருது" என்று மெதுவாகச் சொன்னாள். அதில் மட்டும் கேலி இல்லை.

பொருத்தி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டதால் சித்தப்பாதான் போய் வண்டியை எடுத்து வந்தார். சித்தப்பாவுக்கு நூலகத்தில் வேலை. வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டினால்கூட அதைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிற ஆள். அவர் இறங்கி வந்து, "அடேயப்பா! சீட்டே அதிருது!" என்றார்.

சித்தி ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தாள். பாட்டைப் போட்டாள். குமிழைத் திருப்பினாள், இன்னும் திருப்பினாள், முழுக்கத் திருப்பினாள். பிறகு அணைத்துவிட்டு இறங்கி, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க அவள் தன்னைக் கிண்டல் செய்துகொள்ளவே இல்லை. அந்த வீட்டில் அந்த அமைதி நூலகத்தில் வேலை பார்க்கிறவருக்கே பயமாக இருந்திருக்கிறது. "உங்க சித்தி சாப்பாட்டுல உப்பு இல்லன்னு நான் சொன்னேன். சரின்னு சொல்லிட்டாடி!" என்று எனக்கு போன் செய்தார்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து என்னை ஏற்றிக்கொள்ள வந்தாள். மிஷின் காதில் இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, குமிழ் கடைசிவரை திரும்பியிருந்தது. பாடுகிறவர் தொண்டை கிழியப் பாடினார். ஆனால் அடியில் ஒன்றும் இல்லை. கதவு அதிரவில்லை, தண்ணீர் பாட்டிலில் ஒரு சிலிர்ப்பு இல்லை.

"நல்லா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, என் வாயையே பார்த்தாள்.

தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை. பிடிக்காத சட்டைக்கும் புரியாத நகைச்சுவைக்கும் தலையாட்டியே வளர்ந்தவள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, மிச்சமிருந்ததும் தனக்கு அடியோடு போய்விட்டது என்று அவள் முடிவே செய்துவிட்டாள் என்பது தெரிந்தது. ஆடத் தொடங்கிய தலையை நிறுத்தினேன்.

"சித்தி, எனக்கும் ஒண்ணும் கேக்கல."

"என்ன?"

"எனக்கும் கேக்கல."

"என்னடி ரகசியம் சொல்ற?" காரை ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினாள். "தெளிவாச் சொல்லு."

ஜன்னல் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த சத்தத்தையெல்லாம் திரட்டி, "எனக்கும் ஒண்ணுமே கேக்கல!" என்று கத்தினேன்.

நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு பெரியவர் குனிந்து, "என்னம்மா கேக்கல?" என்று அக்கறையாக விசாரித்தார். எனக்குச் சீட்டுக்கு அடியில், அந்த ஆம்புக்குப் பக்கத்தில், இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்குமா? நெஜமாவா?" என்றாள். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஐயோ, நான் போயிட்டேன்னு நெனச்சேன்டி! போனது நான் இல்ல, டப்பா!" நெற்றி பட்டு ஹாரன் அடித்தது. பெரியவர் துள்ளி விலகினார்.

நேராகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சீட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த சப்வூஃபருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். பொருத்தியவர் அவசரத்தில் ஒன்றின் ஒயர்களை மாற்றி இணைத்துவிட்டிருக்கிறார். ஒரு சுருள் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். எவ்வளவு சத்தம் வைத்தாலும் நடுவில் இருக்கிற காகிதத்தட்டு அசையாது.

"ஒருத்தர் தள்ளினா ஒருத்தர் இழுக்குறது. இதை நாங்க குடும்பம்னு சொல்லுவோம் தம்பி" என்றாள் சித்தி. உடனே சித்தப்பாவுக்கு போன் போட்டாள். "சீட்டே அதிருதுன்னு சொன்னீங்களே, எந்த சீட்டு? நூலகத்து சீட்டா?" மறுமுனையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, அவளுக்கும் கேட்டிருக்காது. ஆனால் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள்.

ஒயர்களை மாற்றியதும் பாட்டைப் போட்டுப் பார்த்தாள். முதல் அடியிலேயே தண்ணீர் பாட்டில் நடுங்கியது. சித்தி சீட்டில் முதுகை அழுத்திச் சாய்ந்தாள். எருமை என்றோ வேறு எதுவோ சொல்வாள் என்று காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் அவள் வெறும் வண்டியாகத் திரும்பும் வழியில் என் அலுவலகம் இருந்தால் என்னை ஏற்றிக்கொள்கிறாள். அப்படி ஏறிக்கொண்ட முதல் நாள், சிக்னலில் நின்றிருந்தோம். பாட்டு முடிந்திருந்தது; ஸ்டியரிங்கில் அவள் விரல்கள் மட்டும் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பக்கத்து பைக்கில் இருந்தவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். சித்தி அதைக் கவனித்தாள், விரல்கள் நின்றன. என் பக்கம் சாய்ந்து, என் குரலைவிடத் தணிந்த குரலில் கேட்டாள்:

"பாட்டு முடிஞ்சா தோள்ல ஒரு தட்டு தட்டுடி. இல்லன்னா நான்பாட்டுக்கு என்ஜினுக்குத் தாளம் போட்டுக்கிட்டு இருப்பேன்."