சோல் ரப்பரில் அக்கா வெட்டிய படங்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அக்காவும் நானும் தையல் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தோம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். "இப்பத்தானே போய்ட்டு வந்தே, அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று எல்லார் எதிரிலும் கேட்பார்.

வீணாய்ப் போன சோல் ரப்பர் துண்டுகளில் அக்கா கத்தியால் படம் வெட்டுவாள். மை தடவித் தாளில் அழுத்தினால் அச்சு விழும். முதல் படத்தில் சூப்பர்வைசர் புடவை கட்டி, நிறைமாத வயிற்றோடு டோக்கனுக்குக் கைநீட்டி நின்றார். நாற்காலியில் மீசையை முறுக்கியபடி ஒரு பெண். பாத்ரூம் கதவில் அக்கா ஒட்டியிருந்த அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, மெஷினில் குனிந்துகொண்டாலும் சிரிப்பில் தோள் குலுங்கியது. அடுத்த படத்தில் ஒரு புருஷன் இடுப்பில் பிள்ளையோடு தோசை சுட்டான். பெண்டாட்டி கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்தாள்.

சூப்பர்வைசர், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்தான் செய்திருப்பாள் என்று அவளை வெளியே போகச் சொன்னார். அவள் அழுதாள். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"அவ இல்ல சார். நான்தான்."

அன்றே வேலை போனது. கேட் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

ஆனால் இரண்டாவது படத்தை யாரோ அக்கா வீட்டுக்காரருக்கு போனில் அனுப்பிவிட்டார்கள். தோசை சுடுகிறவனின் வழுக்கையும் மூக்கும் தன்னுடையவை என்று மாமாவே கண்டுபிடித்தார். கை ஓங்கவில்லை. அக்கா வீட்டில் வைத்திருந்த ரப்பர் துண்டுகளை வாரி வாசலில் போட்டுக் கொளுத்தினார்.

"ஊரே என்னப் பாத்து சிரிக்குது. சந்தோஷமா?"

கறுப்புப் புகை வீட்டுக்குள் வந்தது. அக்கா எழுந்து ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை.

சில மாதம் கழித்து ஆள் போதவில்லையென்று கம்பெனியிலேயே அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அவருக்குப் பிடிக்காது, வுடு."

"உனக்கு?"

"எனக்கு இன்னா இருக்குது."

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் சாக்பீஸால் சுவரில் அவள் அப்பா முகத்தை வரைந்திருந்தாள். முகத்தில் பாதி மூக்குதான். பார்த்ததும் சிரித்துவிட்டேன். தெருமுனையில் மாமாவின் பைக் சத்தம் கேட்டது. அக்கா ஈரத்துணியோடு ஓடிவந்து சுவரை அழுந்தத் துடைத்தாள். "பொம்பளப் புள்ளைக்கு இந்தப் பழக்கமெல்லாம் வேணாம்" என்று சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"வர்றேன்க்கா" என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுகையை நிறுத்த முடியவில்லை.