அவர் அனுப்பிவைத்த பெண்

நார்வேயில் பெர்கன் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் எல்லோருடைய காபிக் கோப்பைகளையும் கழுவி அடுக்குவது எங்கள் பேராசிரியர் ஊலாவின் முறை. வந்த புதிதில் பாய்ந்துபோய் அவர் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கப் பார்த்தேன். அவர் மிரண்டுபோய், "நான் சரியாகக் கழுவவில்லையா?" என்று கேட்டார். மரியாதையை இந்த மொழியில் எப்படி விளக்குவதென்று தெரியாமல், "நன்றாகத்தான் கழுவுகிறீர்கள்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். ஊரிலிருக்கும் நீங்கள் சிரிக்கலாம். இங்கே என்னைப்போல் வந்தவர்கள் இந்தச் சமத்துவத்தைப் பற்றி நெகிழ்ந்து எழுதுவார்கள். எனக்கு நெகிழ்ச்சி வருவதில்லை. கோப்பை கழுவும் அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் வேறொருவர் நினைவுக்கு வந்து கோபம்தான் வரும்.

என் ஊர் பரங்கிப்பேட்டை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையோரக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். நண்டு ஓட்டிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதைக்கொண்டு சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்வது என் ஆய்வு. நண்டுச் சதை எடுக்கும் கொட்டகையில் ஒதுக்கிப் போட்ட ஓடுகளைப் பொறுக்கிப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். "இன்னாம்மா இது, பஸ்ஸே நாறுது" என்று கண்டக்டர் திட்டுவார். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கு அது பற்றிக் கவலையில்லை. ஊலாவின் ஆய்வுக்கூடம் என் வேலையைக் கேள்விப்பட்டு விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

வழிகாட்டியான சாரின் அண்ணன் மகனும் அவரிடமே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தான். அவன் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் சார் கூப்பிட்டார்.

"ஒன் ரிசல்ட்ட எல்லாம் அவன்ட்ட குடுத்துடும்மா. நீதான் வெளிநாடு போறியே, ஒனக்கு எதுக்கு? லெட்டர் நான் பிரமாதமா எழுதித் தரேன்."

"அது என் வேலை சார்."

"அப்போ லெட்டர் என் வேலை" என்றார், சிரித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு தினமும் அவர் அறை வாசலில் நின்றேன். நாளைக்கு என்பார். மீட்டிங் என்பார். கடைசித் தேதி நெருங்கியதும் வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா ஊரில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். யாரிடமும் எதற்கும் போய் நிற்காதவர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சார் எதிரில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா பேசி முடிக்கும் வரை சார் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு சொன்னார்: "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி பாய். மாப்பிள்ள பாத்து முடிச்சிடுங்க."

வாப்பா வீட்டுக்கு வந்து, உம்மா கொடுத்த தண்ணீரைக்கூட வாங்காமல், சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கடிதம் கிடைக்காததை என்றாவது மறந்திருப்பேன். அந்தச் சட்டையை மடித்த விதத்தை மறக்க முடியாது. அன்றே முடிவு செய்தேன், இந்த ஆளை விடக்கூடாது என்று.

ஒரு வருடம் வீணானது. சிதம்பரம் கீழவீதியில் டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். அடுத்த வருடம், அதே துறையில் இளைய ஆசிரியை ஒருவர் சாருக்குத் தெரியாமல் கடிதம் தந்தார். வந்து சேர்ந்தேன். இங்கே ஓயாமல் மழை. நனைந்துகொண்டே வேலைக்கு நடக்கும்போது, அவரை நேருக்கு நேர் பார்த்தால் என்ன சொல்வதென்று மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். பிஎச்.டி. முடித்ததுகூட அந்த ஒத்திகையின் தெம்பில்தான்.

போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கல்லூரியில் பேச அழைத்தார்கள். வாசலில் பேனர். ஒரு பக்கம் என் முகம், மறுபக்கம் அவர் முகம். அவர் இப்போது துறைத்தலைவர். மேடையில் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ண நார்வேக்கு அனுப்பி வச்சதே நான்தான்" என்றார். கைதட்டினார்கள். மைக் என்னிடம் வந்தது. கொண்டுபோன உரையைப் பிரிக்கவேயில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்: நண்டு ஓடு, அண்ணன் மகன், வாசலில் நின்றது, காலி நாற்காலி, பாய், மாப்பிள்ளை. சார் மேசைமேலிருந்த பூங்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கியபோது யாரும் கைதட்டவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பசி எடுத்தது.

பஸ் ஸ்டாப் வரை ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். பெயர் கயல்விழி. கடலூர்ப் பக்கத்து மீனவக் குடும்பம். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம்.

"நல்லாதான் கேட்டீங்க மேடம். நான் அவர்ட்டதான் ப்ராஜெக்ட் பண்றேன். எனக்கும் வெளிய போய்ப் படிக்கணும். நீங்க ஃப்ளைட் ஏறிடுவீங்க. நாளைக்கு அவுரு மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

என் நம்பரைக் கொடுத்தேன். அவள் பயந்தபடியே நடந்தது. பரிந்துரை கேட்டுப் போனவளிடம், "ஒங்க மேடம்ட்டயே போய் வாங்கிக்க" என்று சொல்லிவிட்டாராம்.

சரி, வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஊலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்து, "அந்த மனிதருக்குத் தனிமை அதிகமோ?" என்று கேட்டார். தனிமையாம்! சாரைச் சுற்றி எந்நேரமும் பத்துப் பேர் நிற்பதை இவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஆனால் ஊலா இன்னொன்றும் சொன்னார்: "கடிதம் எதற்கு? அந்தப் பெண்ணையே பேசச் சொல்." தேர்வுக் குழுவினர் இரண்டு முறை வீடியோவில் கயல்விழியைக் குடைந்து குடைந்து கேட்டார்கள். நான் அந்தக் குழுவில் இல்லை. வேண்டுமென்றே விலகி நின்றேன். அவளாகவே ஜெயித்தாள்.

செய்தி வந்ததும் சாருக்கு நானே போன் செய்தேன். "கயல்விழிக்கு இடம் கெடச்சிடுச்சு சார். ஒங்க லெட்டர் இல்லாமலே."

"ரொம்ப சந்தோஷம்மா. அப்போ நம்ம டிபார்ட்மெண்ட்ல இருந்து ரெண்டு பேரு ஆச்சு" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே நம்புகிறார். போனை வைத்தேன். இந்த மனிதரை எதைக்கொண்டு அடிப்பது? அடியையும் மாலையாக வாங்கிப் போட்டுக்கொள்கிறாரே. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். மன்னிக்கவில்லை.

கயல்விழி வந்து இரண்டு மாதமாகிறது. பகலெல்லாம் இருவரும் இந்த நாட்டுக்காரர்களைப்போல் குரலைத் தாழ்த்தி, நன்றி, மன்னிக்கவும் என்று பேசுகிறோம். சாயங்காலம் கடலோரப் பாதையில் நடக்கும்போது அவள்தான் ஆரம்பிப்பாள். "அந்தாளு இன்னா சொன்னாரு தெரியுமா மேடம்?" அப்புறம் நான் தொடர்வேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் அத்தனை வசவுகளும், பரங்கிப்பேட்டையில் உம்மா காதில் விழுந்தால் வாயிலேயே போடும் வார்த்தைகளும், இந்தக் குளிர்ந்த நீர்ப்பரப்பின் மேல் சத்தமாகப் போகும். வேறெங்கும் எங்களுக்கு இவ்வளவு தமிழ் வருவதில்லை.

நேற்று, நாயோடு எதிரில் வந்த வயதான பெண்மணி ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வாயை மூடியதும் புன்னகைத்தார்.

"எவ்வளவு இனிமையான மொழி! பிரார்த்தனையா அது?"

கயல்விழி என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்" என்றேன், சுத்தமான நார்வேஜியனில். "எங்கள் ஊர்ப் பிரார்த்தனை."