பாம்புப் பெட்டிக்குள் ஒரு தாள்

இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து எல்லையில் ஓடும் ஆற்றங்கரையில் அந்த வருடம் ஒரு பாம்பாட்டிக் கூட்டம் ஓலைக் குடிசை போட்டது. தெலுங்கு பேசும் குறவர்கள். எங்கேயும் ஒரு வாரத்துக்கு மேல் தங்காதவர்கள். ஆனால் தலைவரின் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. முன்பு ஒரு பிள்ளையை நடைவழியிலேயே பறிகொடுத்தவள். அதனால் இந்தப் பிள்ளை பிறந்த பிறகுதான் கிளம்புவது என்றிருந்தார்கள்.

எனக்குத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் கடலை சுற்றி வந்த காகிதத்தில் அந்தப் பிள்ளைகள் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கசக்கி எறிவதைக் கண்டு, எழுத்துச் சொல்லிக் கொடுக்கட்டுமா என்று நானாகவே போய்த் தலைவரிடம் கேட்டேன். வேலை விட்ட மாலைகளில் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். இரண்டே சிலேட்.

"என்னா வாத்தியாரே, பாம்புக்கும் ஆனா ஆவன்னாவா?" என்று மாடியில் கேலி செய்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அதுவரை என்னை யாரும் வாத்தியார் என்று கூப்பிட்டதில்லை. குறவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் தலைவர் ஒரு தாளை நீட்டினார். ஆண்கள் டவுனுக்குப் போயிருந்தபோது ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர் பெண்களிடம் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"நாங்க இங்க இருக்கலாம்னு சொல்ற சீட்டுத்தானே, வாத்தியாரே?"

எல்லாம் சிங்களம். எனக்குச் சிங்களம் கொஞ்சம் பேச வரும். ஓர் எழுத்தும் தெரியாது. ஏழு பிள்ளைகளும் என் வாயையே பார்த்தார்கள். நான் தாளின் அடிவரை கண்ணை ஓட்டிவிட்டுத் தலையாட்டினேன்.

தலைவர் அதை மடித்து, நாகப்பாம்பு இருந்த பெட்டியில் சாக்குக்கு அடியில் வைத்தார். "இதவிட நல்ல பூட்டு ஏது" என்று சிரித்தார்.

டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நானா என்போம்; அவருக்குச் சிங்களம் வாசிக்க வரும். அவரிடம் காட்டலாம் என்றால் தாள் பாம்புக்கு அடியில். கேட்டால், "அன்னைக்கே படிச்சீங்களே" என்பார். போகாமல் இருந்துவிடலாம் என்றால் பிள்ளைகள் ஸ்டோர் கேட்டுக்கே வந்து நின்றார்கள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பன்னிரண்டு நாட்கள் போயின.

அன்று பெட்டியைத் துடைக்கத் தலைவர் பாம்பை வெளியே எடுத்தார். அவருடைய மூத்த மகள், பிள்ளைகளில் நன்றாகப் பிடித்துக்கொண்டவள், தாளை விரித்து உற்றுப் பார்த்தாள்.

"வாத்தியாரே, நீங்க சொல்லிக் குடுத்த எழுத்து ஒன்னுகூட இதுல இல்லியே."

தலைவர் கையில் பாம்போடு திரும்பினார்.

சிலேட்டை எடுத்து ஒரு வரி எழுதி அவளிடம் கொடுத்தேன். விரல் வைத்துக் கூட்டிக் கூட்டி உரக்க வாசித்தாள்.

"எ... ன... க்கும்... இது... ப... டி... க்க... வ... ரா... து."

ஒரு முழு வரியை அவள் வாசித்தது அதுதான் முதல் தடவை. வாசித்துவிட்ட சந்தோஷத்தில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம்தான் அவளுக்கு அது விளங்கியது.

தலைவர் ஏசவில்லை. "அப்ப யாருக்கு வரும்?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்குக் கூட்டிப்போனேன். நானா தராசை ஒதுக்கிவிட்டு வாசித்தார். "பதினஞ்சு நாளுக்குள்ள எடத்த விட்டு எழும்பிரணும்னு போட்டிருக்கு. இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

மறுநாள் தலைவர் தாள் கொடுத்த அதிகாரியின் கந்தோருக்குப் போய்க் கெஞ்சினார். முன்னமே வந்திருந்தால் பார்த்திருக்கலாம், இப்போது வந்து நிற்கிறாயே என்றார்களாம். திரும்பி வந்து என்னிடம் இதைச் சொன்னபோதும் வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் தூறிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். முன்னால் கழுதைகள். பின்னால் இடுப்பைப் பிடித்தபடி அவருடைய மனைவி நடந்தாள். வேலை நேரத்தில் கீழே இறங்கினால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. அது நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு.

அவருடைய மூத்த மகள் ஸ்டோருக்கு நேரே நின்று, நான் கொடுத்த சிலேட்டை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். ஏதோ எழுதியிருந்தாள். அந்தத் தூரத்துக்கு எனக்குத் தெரியவில்லை.

வாசித்துவிட்டவன் போலத் தலையாட்டினேன்.