மடியில் வந்த குழவிக்கல்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் செல்வி வாடகைக்கு இருக்கிறாள். திருநெல்வேலிக்காரி, இட்லி மாவு அரைத்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். போன மழைக்காலத்தில் வரி விஷயமாக வந்த மாநகராட்சி ஊழியர் அவளுடைய கிரைண்டரைப் பார்த்துவிட்டார். வீட்டில் வியாபாரம் நடந்தால் கடைக்கான வரி கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒழுகும் கூரையை மாற்றவே வழியில்லை, இதில் இந்த வரி வேறா என்று வாசலில் நின்று புலம்பினேன். செல்வியிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் காதில் விழும்படிதான் புலம்பினேன்.

தினமும் அந்தக் கிரைண்டர் சத்தம்தான் என்னை எழுப்பும். மறுநாள் அது கேட்கவில்லை. கீழே போய்க் கேட்டேன்.

"நேத்தே பஸ்ல கொண்டு போய்ப் பள்ளுருத்தில சித்தி வீட்ல வச்சிட்டேன் சேச்சி. எங்களால உங்களுக்கு எதுக்கு வரி? நான் ஓட்டல்ல பாத்திரம் கழுவப் போறேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"சாரமில்ல, பரவாயில்ல செல்வி, வரி நான் கட்டிக்கிறேன். வா, ஆட்டோ பிடிக்கலாம்" என்றேன்.

வரி கூடத்தான் செய்தது; கட்டுகிறேன். ஆனால் நான் மறக்காதது அன்று திரும்பி வந்த வழியைத்தான். கிரைண்டர் அவள் காலடியில் இருந்தது, குழவிக்கல் என் மடியில். ஒவ்வொரு பள்ளத்திலும் அது தொடையை அழுத்தியது. இதையெல்லாம் அவள் பஸ்ஸில் தனியாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள், எனக்காக.