பீரங்கிச் சரிவு

வடசென்னையில் மிச்சமிருக்கும் பழைய நகர மதிலின் ஒரு துண்டின் மேல் பூங்கா இருக்கிறது. மைசூர்க் குதிரைப்படை மறுபடி வந்துவிடுமோ என்று பயந்து கம்பெனிக்காரர்கள் கட்டிய மதில். கட்டிவிட்டு, உள்ளே குடியிருந்தவர்களிடமே அதற்கு வரி கேட்டார்கள். ஜனங்கள் கொடுக்கவில்லை என்பார்கள். மதில் வரி என்று அர்த்தம் வரும் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் படையும் வந்து அந்த மதிலை முட்டியதாக நான் படித்ததில்லை. எனக்குத் தெரிந்து அது தடுத்து நிறுத்தியது ஒரே ஒரு ஆளைத்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கால் இல்லாத என் சிநேகிதனை. அதற்கு வேண்டிய காகிதத்தைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவன் நான்.

இருவரும் ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டிய ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான் பள்ளியிறுதி முடித்துத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனேன். அவன் எட்டாவதோடு நின்று, அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். ஒருநாள் வேலை முடிந்து இறங்கி நடந்தவன்மேல், பக்கத்துக் கிரேனின் கம்பிக்கயிறு அறுந்து இரும்புக் கம்பிக்கட்டு விழுந்தது. வலது கால் முழங்காலோடு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அலுவலகம் முதல் காரியமாக அவனுடைய கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டது. விதிப்படி சரிதான். அந்தக் கடிதத்துக்குக் கோப்பு எண் போட்டதுகூட எங்கள் செக்‌ஷன்தான்.

ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். மதில் மேலிருந்து பார்த்தால், மேற்கே பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தின் புகை, கிழக்கே ஓட்டுக் கூரைகளுக்கு மேலே துறைமுகக் கிரேன்களின் தலைகள். கிரேன் திரும்புகிற விதத்தை வைத்தே உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லுவான். இவன் அவசரக்காரன், இவன் குள்ளன், சரக்கை ஆட்டாமல் இறக்குகிறவன், இவன் இன்றைக்குப் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று. தினமும் சாயங்காலம் மதில் மேல் கழித்த அந்த ஒரு மணி நேரம்தான் அவனுக்கு மிச்சமிருந்த உத்தியோகம்.

பூங்காவுக்கு முன்பக்கம் படிகள். பின்பக்கம் ஒரு கல் சரிவு, அந்தக் காலத்தில் மாடு கட்டிப் பீரங்கியை மேலே இழுப்பதற்காகப் போட்டது. அதன் அடியில் பூட்டிய இரும்புக் கதவு. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் அவன் ஐந்து மணிக்கு வந்து மணியடிப்பான். வியாசர்பாடியிலிருந்து நடந்து வேலைக்கு வரும் காவல்காரர் பூட்டைத் திறந்து, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி மேலே ஏற்றுவார். எப்போதாவது அவன் அவருக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுப்பான். நாலு வருஷம் இப்படி நடந்தது. இதற்கு எந்த உத்தரவும் கிடையாது. அதனால்தான் நடந்தது.

காவல்காரர் ஒரு வாரம் லீவில் போனார். மாற்று ஆள் கதவைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டார். ஏழு நாளும் அவன் வந்து, மணியடித்து, திரும்பிப் போனான். எனக்கு ரத்தம் கொதித்தது. எவனோ ஒருவன் மனசு வைத்தால்தான் மேலே போக முடியும் என்பது என்ன பிழைப்பு, எழுத்தில் வாங்கிவிடலாம் என்றேன். அவனுக்கு இஷ்டமில்லை.

"வேணாம் மாமு. அந்தாளு தொறக்கறாரு, நா போறேன். காயிதம் உள்ள பூந்தா பேஜாரு."

நான் கேட்கவில்லை. பொருள், பார்வை, இணைப்பு, நகல் எல்லாம் முறைப்படி வைத்து மனு தயார் செய்தேன். முதல் பத்தியில் விபத்து. இரண்டாவதில் அந்தச் சரிவு பீரங்கிச் சக்கரத்துக்காகவே கட்டப்பட்டது என்ற சரித்திரம். மூன்றாவதில்தான் என் சாமர்த்தியம்: முன்மாதிரி காட்ட வேண்டும் அல்லவா? எனவே, பணியிலுள்ள காவலர் நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் மேற்படி கதவைத் திறந்துவிட்டு வருகிறார் என்று எழுதினேன். அவனிடம் கையெழுத்து வாங்கி, ஒப்புகை அட்டை இணைத்து, பூங்காவை நிர்வகிக்கும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துக் காவல்காரர் கல்மண்டபத்துக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். கையில் ஒரு மெமோ. எந்த அதிகாரியின் உத்தரவின் பேரில் கதவைத் திறந்தீர், ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஏழு நாளில் விளக்கம் தருக. ஆதாரம்: மனுதாரரின் மனு, பத்தி மூன்று.

அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இன்னா சார் இது, நீங்க எய்துனத வச்சே என்னிய கேக்கறாங்க. நீங்கதான் படிச்சவரு. பதிலும் நீங்களே எய்திக் குடுங்க."

இருபது வருஷம் மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தே பேர் வாங்கியவன் நான். இதற்கு ஒரே பதில்தான் உண்டு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. திறந்தேன் என்றால் வேலை போகும். திறக்கவே இல்லை என்றால் பிழைப்பார். ஆனால் மனு பொய்யாகும். பொய் மனு போட்டவனுக்கு எந்தக் கதவும் திறக்காது. இதை எப்படிச் சொல்வது என்று நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டியில் உட்கார்ந்தபடியே அவன் சொன்னான்.

"எய்து மாமு. நா மேல போனதே இல்லன்னு எய்து. அந்தாளுக்கு மூணு கொயந்தைங்க."

எழுதினேன். நல்ல பதில். எங்கே தட்டினாலும் ஓட்டை இல்லாத பதில். காவல்காரரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். மனு நிராகரிக்கப்பட்டது; புராதனக் கட்டுமானத்தின் மேல் சக்கர வாகனம் ஏறினால் சேதம் ஏற்படும் என்று ஒரு காரணம் வேறு. பீரங்கி தாங்கிய கல், கைவண்டியைத் தாங்காதாம். இனிமேல் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று அந்தக் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நாலு வருஷமாக ஒரு பூட்டுக்கு எண்ணெய் போடாத அலுவலகம், இதை ஒன்றரை நாளில் செய்து முடித்தது.

துறைமுகத்து ஆட்கள் நாலு பேரைக் கூட்டிவந்து படி வழியாகத் தூக்கிப் போகலாம் என்றேன். "தூக்கிவுட நா இன்னா சரக்கா?" என்றான். மேல்முறையீடு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் நைனா. அப்புறம் முன்னால கீற படியயும் மூடிடுவானுங்க."

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தான். அடைத்த செங்கல் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு, மேலே போய் மூணாவது கிரேனை யார் ஓட்டுகிறார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னான். நான் படியேறிப் போய்ப் பார்த்தேன். எந்தக் கப்பல் எந்தத் தளத்தில் நிற்கிறது, எத்தனை டன், எந்தக் கோப்பு என்று எல்லாம் எனக்குத் தெரியும். கிரேன்கள் எனக்கு ஒன்றுபோலவே திரும்பின. கீழே வந்து, நம்ம குள்ளர்தான் ஓட்டுகிறார், மெதுவாகத் திரும்புகிறது என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

"குள்ளன் போன மாசமே ரிட்டையரு, மாமு."

வண்டியைத் திருப்பிக்கொண்டு, கையால் சுற்றியபடி போனான். பின்னாலிருந்து தள்ள நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன்.